எண்ணிக்கையில் நாம் யார்?

சிங்கப்பூரில் இந்தியர் எத்தனை பேர்? இந்துக்கள் எத்தனை பேர்? தமிழ் பேசுவோர் எத்தனை பேர்? இம்மூன்றையும் ஒரே கேள்வியாக எண்ணிப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. கோயிலின் ஆண்டுத் திட்டம் பற்றிய பேச்சு எழும்போது ஒருவர் ஒரு விழுக்காட்டைச் சொல்வார். மற்றவர் வேறொன்றைச் சொல்வார். இரண்டும் அரசாங்க ஏட்டில் உள்ளவையே. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள். அன்பர்கள் மனமுவந்து தரும் ஒவ்வொரு வெள்ளியும் தேவையுள்ள இடத்தைச் சென்றடைய வேண்டுமானால், இந்த வேறுபாட்டை நாம் அறிந்திருப்பது நலம்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து 4.04 மில்லியன் பேர். அவர்களில் இந்தியர் 9.0 விழுக்காட்டினர். இந்து சமயத்தவர் 5.0 விழுக்காட்டினர். வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்க இயலாது. இனக் கணக்கில் கைக்குழந்தை முதல் எல்லா வயதினரும் அடங்குவர். சமயக் கணக்கு 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு உரியது. மொழிக் கணக்கு 5 வயது முதல் தொடங்குகிறது. அடித்தளமே வேறாக இருக்கையில், ஒன்பதில் ஐந்து போக மீதி நான்கு பேரை நாம் இழந்துவிட்டோம் என்று வருந்துவதற்கு இடமில்லை.

‘இந்தியர்’ என்ற சொல்லின் பொருளையும் நோக்க வேண்டும். இந்தியா மட்டுமன்றி, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை ஆகிய நாடுகளின் வழிவந்தோரையும் இங்குள்ள கணக்கு இந்தியர் என்றே சேர்க்கிறது. யாழ்ப்பாணத் தமிழரும் சிங்களரும் பஞ்சாபியரும் வங்காளியரும் அதில் அடக்கம். எனது ஆசிரியப் பணிக் காலத்தில் வருகைப் பதிவேட்டில் ‘இந்தியர்’ என்று எழுதப்பட்ட பிள்ளைகளிடையே வீட்டில் மலையாளமும் தெலுங்கும் உருதும் பேசியவர்களைக் கண்டிருக்கிறேன். 2020இல் 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் இந்துக்கள் 57.3 விழுக்காடு, இஸ்லாமியர் 23.4, கிறிஸ்தவர் 12.6. அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக அச்சமயத்தில் இருந்து வருபவர்கள்.

இப்பெயரும் என்றும் ஒன்றாக இருந்ததில்லை. 1891ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் கணக்கெடுப்பில் நமக்கு இடப்பட்ட தலைப்பு ‘தமிழரும் பிற இந்திய நாட்டவரும்’ என்பதாகும். 1921இல் அது ‘இந்தியர்’ என்றாயிற்று. 1931ஆம் ஆண்டு மலாயாக் கணக்கெடுப்பை நடத்திய வ்லீலண்ட் என்ற அதிகாரி, இனம் என்று தாம் குறிப்பது பிறப்பிடம், அரசியல் பற்று, சமூக உறவு ஆகியவற்றை நடைமுறைத் தேவைக்காகக் கலந்து அமைத்த ஒன்று என்று தம் அறிக்கையில் விளக்கியுள்ளார். ஆக, நிருவாக வசதிக்காக வகுத்த பிரிவு இது என்பதை வகுத்தவர்களே அறிந்திருந்தனர்.

இன்று இந்த விவரம் எப்படித் திரட்டப்படுகிறது? 2000ஆம் ஆண்டு முதல் வீடு வீடாகச் சென்று அனைவரையும் எண்ணும் முறை இங்கில்லை. இனம், வயது போன்ற அடிப்படை விவரங்கள் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. இனம் என்பது அவரவர் அல்லது பெற்றோர் அறிவித்தது. 2011 ஜனவரி முதல் கலப்புமணத் தம்பதியரின் பிள்ளைகளுக்கு இந்தியர்-சீனர் என இரட்டை இனத்தைப் பதிவு செய்யலாம். கணக்கெடுப்பிலோ முதலில் நிற்கும் பெயரே எடுத்துக்கொள்ளப்படும். தாத்தாவின் கைபிடித்துக் கோயிலுக்கு வரும் பேரப்பிள்ளை, சீனர்-இந்தியர் என்று பதிவாகியிருந்தால், ஏட்டில் சீனராகவே எண்ணப்படும்.

சமயமும் வீட்டுமொழியும் பதிவேட்டில் இருப்பதில்லை. ஆகவே 2020இல் ஏறத்தாழ 150,000 வீடுகளைத் தேர்ந்து கேட்டறிந்தனர். ஒன்பது வீடுகளுக்கு ஒரு வீடு என்று கொள்ளலாம். அந்த ஒரு வீடு சொல்லும் விடை மற்ற எட்டு வீடுகளுக்கும் சேர்த்துப் பேசுகிறது.

தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் மொழிக் கணக்கு என்னை வருத்தவே செய்கிறது. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்தனர், பத்தாண்டில் 2.5 ஆகக் குறைந்தனர். எனினும் அக்கேள்வி ‘மிகுதியாக’ப் பேசும் மொழியைத்தான் கேட்கிறது. எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்க்கையில், வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் தாய்மொழிகளுள் ஒன்றையும் பேசுகின்றனர் என்று அதே கணக்கெடுப்பு கூறுகிறது. இரண்டாம் இடத்துக்குப் போனாலும் மொழி வீட்டை விட்டுப் போய்விடவில்லை. அதை மீண்டும் முதலிடத்துக்குக் கொண்டுவருவது பெற்றோரின் பொறுப்பு. கோயில் வகுப்புகளின் பொறுப்பும்கூட.

மேலே கண்ட விழுக்காடுகளில் அறவே இடம்பெறாத பக்தர்களும் உள்ளனர். வேலை அனுமதிச் சீட்டில் இங்கு உழைக்கும் நம் சகோதரர்கள் நிரந்தரவாசிகள் அல்லர். 2020இல் இவ்வாறு கணக்கின் வெளியே நின்ற வெளிநாட்டவர் எல்லாரும் சேர்ந்து 1.64 மில்லியன் பேர். ஞாயிற்றுக்கிழமை அன்னதானப் பந்தியில் அமர்வோரில் எத்தனை பேர் அவர்கள் என்பதை அன்பர்கள் நேரில் கண்டிருப்பீர்கள். 5.0 என்ற எண்ணை வைத்து அரிசி வாங்கினால் பந்தி பாதியில் நின்றுவிடும்.

ஆகவே செயலவையினருக்கும் நன்கொடையாளருக்கும் நான் முன்வைக்கும் வேண்டுகோள் இதுதான். துணைப்பாட வகுப்புக்கும் கல்வி நிதிக்கும் திட்டமிடுகையில் இந்தியர் என்ற கணக்கு உதவும். சமய வகுப்புக்கு இந்துக்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். விளக்கத்தாள்களை எம்மொழியில் அச்சிடுவது என்பதற்கு வீட்டுமொழிக் கணக்கு வழிகாட்டும். தமிழோடு ஆங்கிலத்திலும் அச்சிட்டால் தமிழறியாத அடியார்க்கும் பயன்படும். அன்னதானத்துக்கோ எந்த ஏடும் வேண்டாம். வாரந்தோறும் விழும் இலைகளை நாமே எண்ணிக் குறித்து வைத்தால் போதும்.

அடுத்த கணக்கெடுப்பில் உங்கள் வீடு தேர்ந்தெடுக்கப்பட்டால், வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பெருமைக்காகக் கூட்டியும் சொல்ல வேண்டாம். அலட்சியத்தால் விட்டுவிடவும் வேண்டாம். பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலமென்றால் ஆங்கிலமென்றே சொல்லுங்கள். குறை எங்குள்ளது என்று தெரிந்தால்தான் அதை நிறைவு செய்யும் பணியில் நாம் இறங்க முடியும். அப்பணிக்கு எல்லாம்வல்ல இறைவன் துணைநிற்பானாக.