நேர்மின் தடமும் மின்வலையும்

பெருமளவு மின்திறனை நெடுந்தொலைவு கொண்டு செல்லுதற்கு நேர்மின் தடங்கள் ஏற்றவை. சத்தீசுகர் மாநிலத்து இராய்கரிலிருந்து தமிழ்நாட்டுப் புகளூர் நிலையம் வரை அத்தகைய தடம் ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அத்தடம் 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. 800 கிலோவோல்ட்டு அழுத்தத்தில் 6,000 மெகாவாட்டு மின்திறனைக் கொணர வல்லது.

நம் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் வேண்டுவது மாறுமின்னோட்டம். ஆதலின் வந்து சேரும் நேர்மின்னோட்டத்தைத் தைரிசுடர் என்னும் கருவிகள் மாற்றித் தருகின்றன. இப்பணிக்கு அண்டையிலுள்ள மின்வலையின் துணை வேண்டும். ஆற்றில் சரக்கேற்றிச் செல்லும் ஓடத்தை எண்ணிப் பாருங்கள். நீர் சரக்கன்று, ஆயினும் நீர் வற்றினால் ஓடம் தரைதட்டும். மின்வலையில் அந்நீரை ஒத்தது எதிர்வினைத் திறன். அது விளக்கை எரிப்பதன்று; மின்னழுத்தத்தைத் தாங்குவது. இத்தகைய மாற்று நிலையம், தான் தரும் மின்திறனில் ஏறத்தாழப் பாதியளவோ அதற்கு மேலோ எதிர்வினைத் திறனை உட்கொள்ளும். அதனை ஈடுசெய்ய மின்தேக்கிகளை நிறுவுவர்.

இடர் இங்கேதான் உளது. மின்தேக்கியின் கொடை, அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். அழுத்தம் நூற்றுக்கு 10 தாழ்ந்தால், 100 பங்கு அளித்தது 81 பங்கே அளிக்கும். மின்திறனைக் குறையாமற் காக்கும் கட்டுப்பாடோ மின்னோட்டத்தைக் கூட்டும். கொடை குறையும், தேவை பெருகும், அழுத்தம் மேலும் வீழும். முடிவில் ஊர்கள் பல இருளில் மூழ்கவும் கூடும்.

எனவே, மின்வலையின் உறுதியை ஆராயும் பொறியாளர் இத்தடத்தை, ‘இவ்வளவு மின்திறன் தருவது’ என ஓர் எண்ணால் மட்டும் குறித்தல் பிழையாம். அவ்வாறு குறிப்பின், வீழ்ச்சியின் விளிம்பில் நிற்கும் வலையும் கணக்கில் உறுதியுடையதாகத் தோன்றும். மாற்றிகளின் இயக்கம், மின்தேக்கிகளின் அளவு, மின்மாற்றியின் படிகள், அழுத்தம் தாழுங்கால் மின்னோட்டத்தைக் குறைக்கும் காப்பு விதி ஆகிய அனைத்தும் அவர்தம் கணித மாதிரியில் இடம்பெறல் வேண்டும்.

எல்லாத் தடங்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. அதே புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட்டுத் தடம் வேறு வகை மாற்றிகளை உடையது. அவை தம் மின்னோட்ட வரம்புக்கு உட்பட்டு, எதிர்வினைத் திறனைத் தாமே வழங்க வல்லவை.

ஒரு பொருள் நமக்குத் தருவதைக் காண்டல் எளிது. இடர் வந்தபோது அது நம்மிடம் எவ்வளவு வேண்டும் என்பதையும் முன்னரே கணித்தல் அறிவுடையோர் கடன்.