வெண்பாவை விலைக்கு வாங்கிய கதை

வெண்பாப் பாடிப் பொருள் பெற்ற புலவர் பலர். பொருள் கொடுத்து வெண்பாவை வாங்கியவன் தொண்டைமானாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் ஆராய்ந்து வாங்கியதன்று. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்ட காரியம் அது. வாங்கிய பொருள் ஏடுமன்று, அச்சிட்ட நூலுமன்று. கணினியில் ஆடும் ஒரு விளையாட்டு!

2024ஆம் ஆண்டு ஆவணியில், செல்வச்சந்நிதி முருகன் திருவிழாவுக்கென்று என் தங்கை ரொறன்ரோவிலிருந்து தன் மகனோடு வந்திருந்தாள். அன்னதானக் கந்தன் என்று உலகெங்கும் பேர்பெற்ற அக்கோயிலின் மடங்களிலே சோறு வடிக்கும் மணம் வீதியெல்லாம் கமழும் நாட்கள் அவை. நம் ஊரின் ஆற்றை வெட்டுவித்தவன் கருணாகரத் தொண்டைமான் என்பதும், அவன் உப்பு ஏற்றுவதற்காகவே அதனை வெட்டுவித்தான் என்பதும் செவிவழி வரலாறு. கலிங்கத்துப் பரணி புகழும் படைத்தலைவனாகிய அவ்வீரனை உப்பு வாணிகத்தோடு தொடர்புபடுத்தும் இக்கதையை எத்தனை மாணவருக்குச் சொல்லியிருப்பேன்! அன்று அதனை என் மருகனுக்கும் திண்ணையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு வயது இருபத்துநான்கு, பிறந்தது கனடாவில். பேசும் தமிழ் விளங்கும், மறுமொழி பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரும், எழுத்து அறியான். கதையை மரியாதையாகக் கேட்டான். கேட்டபடியே மடிக்கணினியில் ஏதோ கடைவிரிப்பைப் பார்த்துக்கொண்டுமிருந்தான்.

“மாமா, இதில வென்பா எண்டு ஒண்டு இருக்கு. தமிழ்ச் சாமான் போல” என்றான்.

“வென்பா அன்று தம்பி, வெண்பா. மூன்று சுழி” என்றேன். உடனே, “அதை வாங்கு” என்றும் சொன்னேன்.

ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளாக நான் யாப்பு கற்பிக்கிறேன். அசை பிரிக்கச் சொன்னால் அழுதுவிடும் பிள்ளைகளைக் கண்டு கண்டு சலித்தவன். நேரும் நிரையும் திரையிலே ஓடிவந்து தளை தட்டாமல் அமரும் ஒரு விளையாட்டை எவனோ ஒரு புண்ணியவான் செய்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன். மற்றபடி இவ்வகை விளையாட்டுகளை நான் நல்ல கண்ணால் பார்த்தவனல்லன். கண் சிவந்து வகுப்புக்கு வரும் மாணவனிடம் காரணம் கேட்டால், இரவு முழுதும் கைத்தொலைபேசியில் துப்பாக்கி பிடித்திருந்ததாகத் தோழர் சொல்வர். துப்பாக்கி ஓசையை மெய்யாகவே கேட்டு வளர்ந்த நமக்கு அதனைப் பொழுதுபோக்காகக் கேட்க மனம் ஒப்புவதில்லை. ஆயினும் வெண்பா என்ற பெயர் என்னை வென்றுவிட்டது. மருகன் தன் கடனட்டையால் விலையைச் செலுத்தினான். நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்தான்.

திரை விரிந்தது. அசையுமில்லை, சீருமில்லை. ஒரு சிறு சமையலறை; அதில் தளர்ந்த முகத்தோடு ஒரு பெண்; அவள் பெயர் வெண்பா! கணவன் பெயர் பாவலன். பின்னர் அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். பெயர்களைக் கண்டபோது ஏமாற்றம் பாதி தணிந்தது. பாவலனும் வெண்பாவும் கூடிப் பெற்ற மகவு கவின் என்பதிலே ஓர் இலக்கணக் கருத்தே அடங்கியிருக்கிறது. பெயரிட்டவர் தமிழ் அறிந்தவர் என்று துணிந்தேன்.

துணிவு பொய்க்கவில்லை. அபி என்னும் தமிழ் இளைஞரும் அவருடைய தோழர்களும் ரொறன்ரோவில் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய நிறுவனத்தில் உருவாக்கி, 2023 யூலை 31இல் வெளியிட்டது இவ்விளையாட்டு. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் பெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. நம்மவர் போனதற்குக் காரணம் வேறு, அவர்கள் போனதற்குக் காரணம் வேறு. பனிக்குளிரிலே தமிழ்ச் சமையலறை ஒன்றை வைத்து நடத்தும் பாடு இருவருக்கும் ஒன்றே. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, முதன்முயற்சிக்குரிய பரிசினை இதற்கு வழங்கியது. தனிச்சிறு நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கென நடக்கும் அமெரிக்க விழாவிலும் அவ்வாண்டே தலைப்பரிசு பெற்றது. இவையெல்லாம் நான் பின்னர் அறிந்தவை. அன்று மாலை எனக்குத் தெரிந்தது, வெண்பா இட்டலி அவிக்க வேண்டும், அதற்கு நான் உதவ வேண்டும் என்பது மட்டுமே.

அவளிடம் தாய்வழி வந்த ஒரு சமையற் குறிப்பேடு இருக்கிறது. அது பழையது, கறை படிந்தது, சில வரிகள் அழிந்தும் சில இடங்கள் கிழிந்தும் உள்ளன. எஞ்சிய சொற்களையும் படங்களையும் கொண்டு, விடுபட்ட படியை ஆடுபவரே ஊகித்து நிரப்ப வேண்டும். நான் இட்டலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழகாகவே அடுக்கினேன். தவறு என்றது. மீண்டும் அடுக்கினேன், மீண்டும் தவறு. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனையாள், “இஞ்சாருங்கோ, மேல்தட்டுக் குழியைக் கீழ்த்தட்டுக் குழிக்கு நேரே வைச்சால் ஆவி எங்காலை போறது? மாத்தி வையுங்கோ” என்றாள். மாற்றி வைத்தேன். இட்டலி வெந்தது.

அந்த வேளையில் என் மனம் சிறுப்பிட்டிக்குச் சென்றது. அங்கே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார்களே, அவர்கள் கையாண்ட ஏடுகளும் இத்தகையனவே அல்லவா? தொட்டால் உதிரும் ஓரம், செல் தின்ற நடு, மை மங்கிய வரி. அவற்றினின்று பாடத்தை மீட்பதற்கு நூலின் பொருளும் தெரிய வேண்டும், யாப்பும் தெரிய வேண்டும். ஒரு வெண்பாவில் ஒரு சீரைக் கறையான் தின்றுவிட்டது என்று கொள்வோம். அதற்கு முன்னின்ற சீர் மாச்சீராயின், தின்னப்பட்ட சீர் நிரையில் தொடங்கியிருக்க வேண்டும். விளச்சீரோ காய்ச்சீரோ ஆயின் நேரில் தொடங்கியிருக்க வேண்டும். தளை என்னும் கட்டு இருப்பதனாலேதான் அழிந்ததன் நிழல் நமக்குத் தெரிகிறது. இங்கே ஆவி செல்லும் வழியே தளை. குழிக்கு மேல் குழி வந்தால் தளை தட்டுகிறது! யாப்பு விளையாட்டு என்று எண்ணி ஏமாந்தேன் என்றேனே, அதனைத் திருத்திக்கொள்கிறேன். பெயருக்குப் பொருத்தமான விளையாட்டே. ஒரு வேறுபாடு உண்டு: இந்த யாப்பில் என் மனையாள் பண்டிதை, நான் பாலபாடம்.

அடுத்தது பிட்டு. (புட்டு என்பது வழக்கு, வந்தி கையால் இறைவன் உண்டது பிட்டு.) குழலில் துளையுள்ள சில்லை முதலில் இட்டு, பின் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி இடும் முறை. நமது நீற்றுப்பெட்டியை அவர்கள் அறியார் போலும். பனையோலையின் மணம் ஏறாத பிட்டைக் கவின் உண்ண மறுத்ததில் எனக்கு வியப்பில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிறுவன் பீட்சா வேண்டும் என்கிறான். தாய் தமிழில் பேச ஆங்கிலத்தில் விடையளிக்கிறான். மருகன் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

ஆண்டுகள் ஓடுகின்றன. மகன் வளர்கிறான், விலகுகிறான். தாய் விதவிதமாகச் சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். பாவலன் இறந்துபோகிறான். பின்பு ஓரிடத்தில், அதுவரை வெண்பாவின் கையாக இருந்த நாம், கவினின் கையாக மாறுகிறோம். அதே குறிப்பேடு. இப்போது அதனைப் படிக்க வேண்டியவன் தமிழ் எழுத்தை அரைகுறையாக அறிந்தவன். சில சொற்கள் பிடிபடுகின்றன, பல பிடிபடவில்லை. ஏட்டை அழிக்கக் கறையான் வேண்டும், தீ வேண்டும் என்றே நான் எண்ணியிருந்தேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த எவரும் அவ்வாறே எண்ணுவர். ஓர் எழுத்தும் சிதையாமல் முழுதாகக் கையிலிருக்கும் ஏடும் அழிந்த ஏடாகும் என்பதை அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மருகன் என் கையிலிருந்த சுட்டியை மெல்ல வாங்கிக்கொண்டு தானே ஆடினான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு திரையைப் பார்த்தபடியே, “மாமா, உங்கட கடிதங்களும் எனக்கு இப்பிடித்தான்” என்றான்.

அவனுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் கடிதம் எழுதுவேன். வாழ்த்தாக ஈற்றில் ஒரு வெண்பாவும் இருக்கும். தளை தட்டாது; பொருள் நயமும் குறையாது. அவனிடமிருந்து ஒரு வரி மறுமொழி வந்ததில்லை. “உன் மகனுக்குத் தமிழும் இல்லை, தமிழ்ப் பண்பும் இல்லை” என்று தங்கையிடம் ஒருமுறை தொலைபேசியிலே கடிந்தும் இருக்கிறேன். தாய்க்கு இரண்டு வேலை. ஓய்ந்திருந்த ஆண்டுகளில் கடிதத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். ஓயாத ஆண்டுகளில் அது உறையோடு பெட்டிக்குள் போயிருக்கிறது. ஒன்றையும் அவன் எறியவில்லை. சிலவற்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தும் வைத்திருந்தான். ஒன்றைத் திறந்து, “இதை வாசியுங்கோ” என்றான்.

அது 2016ஆம் ஆண்டுக் கடிதம், அவனுடைய பதினாறாவது பிறந்தநாளுக்கு எழுதியது. வாசித்தேன். பதினாறு பேறுகளைப் பற்றி நீண்ட விளக்கம், மார்க்கண்டேயன் கதை, பின்பு வெண்பா. வாசிக்க வாசிக்க என் குரல் தாழ்ந்தது. அவன் ஒவ்வொரு தொடருக்கும் பொருள் கேட்டான், நான் சொன்னேன். முடிந்ததும் அவன் கேட்டது இது: “அம்மம்மா வருத்தமாய்க் கிடந்த நேரமெல்லோ மாமா இது? அவவைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?”

எழுதவில்லை. என் தாயார் அவ்வாண்டுதான் காலமானார். அக்கடிதம் எழுதிய கிழமையிலே அவர் உண்பதை ஏறத்தாழ நிறுத்திவிட்டார். பேரன் பெயரைச் சொல்லிச் சொல்லி விசாரித்தார். அடுத்த அறையிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நான் ஈற்றடியை மலர் என்னும் வாய்பாட்டில் முடிப்பதா பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடிப்பதா என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் தமிழ் முழுதும் கற்றுத் தேர்ந்து அக்கடிதத்தைப் படித்திருந்தாலும், அம்மம்மா அவனைக் கேட்டார் என்ற செய்தி அதில் கிடைத்திராது. இதற்குப் பதிப்பாசிரியராலும் பரிகாரம் இல்லை. எழுதப்படாததை எந்தத் தளை கொண்டு மீட்பது?

அவனிடம் அப்போது சொன்னேன்: அம்மம்மா கேட்டதை, கடைசியாக அவர் விரும்பிக் குடித்த கூழை, அவர் கிடந்த கட்டிலை. சந்நிதியிலிருந்து தங்கை திரும்பி வந்தபோதும் நாங்கள் அதையே பேசிக்கொண்டிருந்தோம். விளையாட்டு பாதியில் நின்றது. மறுநாட் காலை ஆடி முடித்தோம். முழுதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுவதே அது. இன்னும் சிறிது நீளாதா என்று தோன்றும் இடத்தில் நின்றுவிடுகிறது. வெண்பாவின் ஈற்றடிக்கும் ஒரு சீர் குறைவுதானே. அதிலே குறைகாண்பதற்கில்லை.

குறையென்று சொல்வதானால் ஒன்று சொல்வேன். புதிர்கள் எளியவை, என்னைப் போன்றவன் தடுமாறலாம், சமையல் அறிந்தவருக்கு அவை பொருட்டல்ல. யாப்பு கற்பிக்கும் விளையாட்டும் இன்னும் எனக்குக் கிடைத்தபாடில்லை. இருந்தும் கல்லூரியில் மூத்த மாணவர் சிலருக்கு ஒரு சனிக்கிழமை இதைக் காட்டினேன். அழிந்த பாடத்தை மீட்கும் முறை பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியவில்லை. இட்டலித் தட்டை முதல்முறையே சரியாக அடுக்கியவர் மூவர். மூவரும் பெண் பிள்ளைகள்.

மருகனுக்கு இப்போது மாதந்தோறும் எழுதுகிறேன். வெண்பா இல்லை. கிணற்று நீர் இவ்வாண்டு உவராகவில்லை, முற்றத்து மா பூத்திருக்கிறது, மாமிக்கு முழங்கால் நோ என்று எழுத்தெழுத்தாகப் பிரித்து, பெரிதாக எழுதுகிறேன். அவனும் எழுத்துக் கற்கிறான். சென்ற வாரம் வந்த மடலில் அம்மம்மாவின் ஒடியற்கூழை எவ்வாறு காய்ச்சுவது என்று கேட்டிருந்தான். கேள்வி முழுதும் தமிழ் எழுத்தில் இருந்தது. ‘தண்ணீர்’ ‘தன்னீர்’ ஆகியிருந்தது. மனையாளிடம் கேட்டேன். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு வடிக்க வேண்டும் என்றாள். எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்றேன். “அதுக்கென்ன கணக்கு? காறல் போகும் வரைக்கும்” என்றாள். அவ்வாறே எழுதி அனுப்பினேன்.

நேற்று மறுமொழி வந்தது. காறல் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறான். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதில் உள்ள பொருள் அவனுக்குப் போதாது.