மண்ணைப் பிடித்துப் பார்த்துக் கொத்துங்கள்
டொராண்டோ வட்டார நேயர்களே, மார்ச்சில் வெளியே மண் உறைந்து கிடந்தாலும் தோட்ட வேலை வீட்டுக்குள்ளே தொடங்கிவிடுகிறது. தக்காளியை வெளியே நடுவதற்கு 6 முதல் 8 வாரம் முன்பே விதை போட வேண்டும். மிளகாய், கத்தரிக்கு இன்னும் சற்று முன்னதாகவே. ஜன்னலோர வெளிச்சத்தை மட்டும் நம்பினால் நாற்று நெட்டையாக வளர்ந்து தலைசாய்ந்துவிடும். மேலே ஒரு விளக்கு அவசியம்.

ஏப்ரலில் பனி கரைந்ததுமே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கி, விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் இன்னும் சில நாள் பொறுங்கள். ஈர மண்ணைக் கொத்தினால் காய்ந்ததும் கட்டிதட்டிப் போகும். பட்டாணி, முள்ளங்கி லேசான உறைபனியைத் தாங்கும் என்பதால் அவற்றை முதலில் விதைக்கலாம்.

தக்காளியை வெளியே நடப் பலரும் காத்திருக்கும் நாள் விக்டோரியா தினம், அதாவது மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. அதற்கு முன் 7 முதல் 10 நாள், நாற்றுகளைத் தினமும் சிறிது நேரம் வெளியே வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள். நட்ட பிறகும் வானிலை அறிக்கையில் உறைபனி என்று கேட்டால், அன்றிரவு பழைய போர்வை ஒன்றைச் செடிகள் மேல் போர்த்திவிடுங்கள்.