பேஸ் கூடினது ஒண்டு தாங்கோ

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் ஏதாவதொரு போன் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இந்தக் கதை காதில் விழாமல் போகாது.

"அண்ணை, நல்ல ஹெட்செற் ஒண்டு தாங்கோ."

"பேஸ் கூடினதோ தம்பி?"

"ஓம், பேஸ் கூடினது."

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துத் தன் போனில் செருகுவார். குத்துப்பாட்டொன்றை முழுச் சத்தத்தில் போட்டுப் பெடியனின் காதில் வைப்பார். தலை தானாக ஆடும். காசு கை மாறும். பில் கிடையாது, வொரன்ரி கிடையாது. அந்தப் பரீட்சையில் தோற்கிற ஹெட்செற் உலகத்திலேயே இல்லை. ஏனென்றால் மனிதக் காது சத்தம் கூடியதையே நல்லது என்று நம்பிவிடும். அதே பாட்டை அரைவாசிச் சத்தத்தில் போட்டுப் பார்த்திருந்தால் அந்த வியாபாரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் கலியாண வீடு, சாமத்தியவீட்டு வீடியோக்களை எடிற் பண்ணுகிறவன். நாளுக்கு ஏழெட்டு மணித்தியாலம் காதுக்குள் ஏதாவதொன்றைச் செருகியபடிதான் சீவியம். மலிவான சாமானும் நடுத்தர விலைச் சாமானும் எங்கே வித்தியாசப்படுகின்றன என்று பார்க்க, மூன்று ஹெட்செற்றுகளை மேசையில் வைத்தேன். ஒன்று தெருவோரம் 650 ரூபாய்க்கு வாங்கியது. மற்றது கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்த 6,500 ரூபாய்ச் சீனச் சாமான். மூன்றாவது நண்பனிடம் இரவல் வாங்கியது, 19,000 ரூபாய். மூன்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, தாலி கட்டும் நேரத்து மேளத்தைத்தான் போட்டேன். எத்தனையோ முறை கேட்டதால் அதில் என்னென்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

தவிலுக்கு இரண்டு முகம். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும், தொப்பியில் கழி விழும். 650 ரூபாய்ச் சாமானில் தொப்பியின் அதிர்வு வீங்கி வலந்தலையை விழுங்கிவிட்டது. விரல் வேலையெல்லாம் ஒரே தடதடப்பு. நாதஸ்வரம் மேலே ஏறும்போது ஊசி குத்துவதுபோல ஒரு கூர்மை. ஐயரின் மந்திரத்தில் ஸகரம் வந்த இடமெல்லாம் காற்றுச் சீறியது. இடது பக்கம் வலதைவிடச் சற்றுச் சத்தமாகவும் இருந்தது. 6,500 ரூபாய்ச் சாமானைப் போட்டால் விரல்களை எண்ணலாம். கெட்டிமேளத்துக்கு நடுவில் யாரோ ஒரு அம்மா "கமராவை மறைக்காதேங்கோ" என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அடுத்தது 6,500க்கும் 19,000க்கும் போட்டி. மச்சான் மாறி மாறிச் செருகிவிட, நான் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை எது எதுவென்று சொன்னேன். ஆறு சரி. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு சரி வந்திருக்கும்.

என் காதை மட்டும் நம்பத் தேவையில்லை. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, 2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் முடிவை வெளியிட்டார். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை எதை எவ்வளவு கூட்டிக் குறைத்துத் தருகிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பே காணப்படவில்லை என்பதுதான் அந்த முடிவு. ஆக, மலிவிலும் நல்லது இருக்கலாம், விலை கூடியதிலும் மோசமானது இருக்கலாம். 2022இல் வந்த மூன்ட்ரொப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் சீரோ போன்ற ஹெட்செற்றுகள் 20 டொலர் அளவிலேயே இதைக் காட்டிவிட்டன.

அப்படியென்றால் கூடுதல் காசு எதற்கு? பெரும்பாலும் உழைப்புக்கு, அதாவது எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு. மலிவான ஹெட்செற் சாகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: செருகியின் பக்கத்து வயர். ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும், வயரை வளைத்துப் பிடித்தால் பாடும், பிறகு அதுவும் இல்லை. சால்நோட்ஸ் சீரோ போன்றவற்றில் வயரைக் கழற்றலாம், அறுந்தால் வயரை மட்டும் மாற்றலாம். வயரில்லாத புளூருத் சாமானில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடுகளவு பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், பெரும்பாலும் மாற்றவும் முடியாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் "20 – 20,000 ஹெர்ட்ஸ்" என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எல்லாப் பெட்டியிலும் இருக்கும்.

இன்னொரு விஷயம், செலவே இல்லாதது. காதுக்குள் போகும் சிலிக்கன் றப்பர் உங்கள் காதின் அளவுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் பேஸ் ஒழுகிப் போய்விடும். 6,500 ரூபாய்ச் சாமானின் றப்பரைக் கழற்றி அந்த 650 ரூபாய்ச் சாமானில் மாட்டிப் பார்த்தேன். பாதிக் குறை போய்விட்டது. காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். வெளிச்சத்தம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் றப்பரின் அளவை மாற்றுங்கள். பேஸ் போதாதென்று புலம்புகிறவர்களில் பலருக்குப் பிழை இந்த றப்பரில்தான்.

அந்தத் தெருவோர 650 ரூபாய்ச் சாமானில் ஏகேஜி என்று அச்சிட்டிருந்தது. ஏகேஜி 1947இல் வியன்னாவில் தொடங்கிய பழைய நிறுவனம், பிறகு ஹார்மன் குழுமத்தின் கைக்குப் போனது. எந்த ஒலியமைப்பைப் பெரும்பாலானோர் விரும்புகிறார்கள் என்று, எது எந்தச் சாமான் எனத் தெரியாமல் மறைத்து வைத்துக் கேட்கச் செய்து பார்த்த ஆய்வாளர் ஷோன் ஒலிவின் ஆய்வுகள் நடந்ததும் அதே ஹார்மனில்தான். 2017 மார்ச்சில் சாம்சுங் ஹார்மனை வாங்கியது. அந்த வருடம் வந்த கலக்சி எஸ்8 பெட்டிக்குள் ஏகேஜி பெயரோடு துணி பின்னிய வயர் ஹெட்செற் இருந்தது. அன்றிலிருந்து அதன் கொப்பி உலகம் முழுக்க ஓடுகிறது. நல்ல ஒலி எதுவென்று ஆராய்ந்து கண்டவர்களின் பெயரே மோசமான ஒலிக்கு லேபலாகிவிட்டது. போன் வாங்கினால் ஐ.எம்.இ.ஐ இலக்கத்தை 1909க்கு அனுப்பிச் சரிபார்க்கலாம். ஹெட்செற்றுக்கு அப்படியொரு இலக்கம் கிடையாது. கையிலெடுத்தால் காற்றாகக் கனமில்லாமல் இருப்பது, பெட்டியில் எழுத்துப்பிழை, இடம் வலம் குறிக்காதது, விலை நம்பமுடியாத மலிவு, இவைதான் அடையாளம்.

ஒலி தெளிவில்லாவிட்டால் ரசனைதானே கெடும் என்று விட்டுவிட முடியாது. தெளிவில்லாத இடத்தில் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83க்கு 20, 86க்கு 10, 90க்கு வெறும் 4 மணித்தியாலம். கிளிநொச்சி அறிவியல்நகரில் படிக்கும் ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து தனியார் பஸ்ஸில் வந்து போகிறது என்று வையுங்கள். எஞ்சின் இரைச்சல் ஒருபக்கம், சாரதியின் தலைக்குமேல் அலறும் ஸ்பீக்கர் மறுபக்கம். (பஸ்காரரின் பாட்டைக் கேட்காமல் இருக்கத்தான் பாதிப்பேர் ஹெட்செற் மாட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு.) இரண்டையும் மிஞ்ச 90 டெசிபலுக்கு ஏற்றினால், போக வர மூன்றரை மணித்தியாலம். வாரம் முழுவதற்குமான கணக்கு ஒரே நாளில் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். காதுக்குள் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்செற் என்றால் குறைந்த சத்தமே போதும். நடுத்தர விலைச் சாமானுக்குக் காசு கொடுக்க நான் சொல்லும் நியாயம் இதுதான். போனில் சத்தம் 60 வீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. கை நீட்டும் தூரத்தில் இருப்பவர் கதைப்பது கேட்கவில்லையென்றால் குறையுங்கள்.

வன்னிக்கு இதில் தனிக் கணக்கொன்று உண்டு. யுத்தத்தில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் எது, வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானத்தின் இரைச்சல் எது என்று பதுங்குகுழிக்குள் இருந்தபடியே பிரித்தறிந்த காதுகள். அதே காதுகள்தான் 2009 வரை கிட்டத்தில் விழுந்த ஷெல்லையும் வாங்கின. குண்டு வெடிக்கும் அமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கும், உட்காதையும் கெடுக்கும். அன்றைக்கு ஐந்து வயதாயிருந்த பிள்ளை இன்று மோட்டார் சைக்கிளில் ஹெட்செற்றோடு போகிறது. ஒரு காதில் "கீ" என்ற ஓயாத இரைச்சல், கூட்டத்துக்குள் கதைப்பது விளங்காமை, ரீவியைக் கூட்டச் சொல்லி வீட்டில் சண்டை. இவை இருந்தால் ஹெட்செற்றைக் குறைசொல்வதற்கு முன் காதைக் காட்டுங்கள். அரச வைத்தியசாலையில் இலவசம்தான். வெளிநோயாளர் பிரிவில் சொல்லிக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேட்கலாம். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். மருந்தை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு. ஏற்கெனவே ஒரு காது மட்டும் கேட்பவர்கள் போன் செற்றிங்சில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் "மோனோ ஓடியோ"வைப் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கத்து இசையும் ஒரே காதுக்குள் வரும். இத்தனை வருடமாகப் பாட்டின் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

போனைச் சார்ஜில் போட்டபடி வயர் ஹெட்செற்றைக் காதில் வைக்காதீர்கள். பெயர் தெரியாத மலிவுச் சார்ஜரில் காப்பு உடைந்தால் 230 வோல்ற் அந்த வயர் வழியாகவே வரலாம். வெளியிலும் கவனம் வேண்டும். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது. தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு காதும் வெறுமையாக இருக்கட்டும். காட்டுப் பாதையில் சைக்கிளில் போகிறவருக்கு யானை ஹோர்ன் அடிக்காது.

இனிக் காசு. ஒன்பதாம் நாள் ஒரு பக்கம் செத்துப்போன ஹெட்செற்றோடு நானும் ஒருமுறை கடைக்குத் திரும்பிப் போயிருக்கிறேன். "இதுக்கெல்லாம் வொரன்ரி இல்லைத் தம்பி" என்றார். "ஒரு வருசம் உழைக்கும்" என்று வாயால் சொன்னவரும் அவர்தான். என்னிடம் பில் இல்லை. பிழை என்னுடையது.

பில் தருவது கடைக்காரரின் தயவல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தேயாக வேண்டும். தவறாக வழிநடத்தி விற்பதை 30ஆம் பிரிவு தடுக்கிறது. கொப்பியை ஒறிஜினல் என்று விற்பது அதற்குள் வரும். விற்றவர் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவரவில்லை என்றால் 13ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரித்து, மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பவோ நட்டஈடு தரவோ அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். "பிறகு பார்ப்பம்" என்று லாச்சிக்குள் போட்டு வைத்தால் உரிமையும் லாச்சிக்குள்ளேயே கிடக்கும். தொலைபேசியில் 1977. நேரில் என்றால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தை விசாரியுங்கள். தமிழிலேயே எழுதலாம். கடையின் பெயர், முகவரி, வாங்கிய திகதி, விலை, என்ன சொல்லி விற்றார்கள், என்ன பிழை, இவ்வளவும் போதும். பில்லின் பிரதியை இணையுங்கள், மூலத்தை நீங்கள் வைத்திருங்கள். முகநூலில் பார்த்து எடுத்த சாமான் என்றால் விளம்பரத்தையும் மெசேஜையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். முகவரி போடாத பக்கத்தில் வாங்கினால் யார்மீது முறையிடுவது?

பழைய சட்டமொன்றும் துணைக்கு நிற்கிறது: 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். சொன்ன விபரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும், விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதிலொரு முடிச்சு இருக்கிறது. நீங்கள் சோதித்து வாங்கினால், அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வழக்காட முடியாது. அதனால் கடையில் சோதிப்பதை ஒழுங்காகச் செய்யுங்கள். உங்கள் போன், உங்களுக்குத் தெரிந்த பாட்டு, அரைவாசிச் சத்தம், இரண்டு பக்கமும் தனித்தனியாக, வயரைச் செருகிக்கு அருகில் அசைத்து அசைத்து. "விற்ற பொருட்கள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே என்றால், பொய் சொல்லி விற்றதை அந்த வரி நியாயமாக்காது. சின்னத் தொகை, கச்சேரிக்கு அலையவும் மனமில்லை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

போன மாதம் தம்பிக்கு ஒன்று வாங்கப் போனேன். ஏகேஜி, 1,800 ரூபாய்.

"ஒறிஜினல்தானே அண்ணை?"

"ஒறிஜினல்தான் தம்பி, பயப்பிடாம எடுங்கோ."

"அப்ப பில்லில ‘ஏகேஜி ஒறிஜினல்’ எண்டு எழுதித் தாங்கோ."

பேனையை எடுத்தார், என்னைப் பார்த்தார், பேனையை வைத்தார்.

"ஹெட்செற் எண்டு மட்டும் எழுதுறன். எண்ணூறு ரூபா தாங்கோ."