ஒரு பேணித் தண்ணீர் மட்டும் இருக்கும்போது

பவுசர் வந்து போன பிறகு வாளியில் இருக்கும் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படும் என்பதை இடம்பெயர்ந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் குடிக்க, அடுத்து உலை வைக்க, அதன்பின் கைக்குழந்தைக்கு. பாயில் கிடக்கும் அம்மம்மாவின் உடம்பு கழுவுவது கடைசியில் வரும். பல நாட்களில் அது வருவதேயில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோதும், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோதும் இதுவே நடந்தது. மார்கழி வெள்ளத்தில் பாடசாலைக் கட்டடத்தில் தங்குபவர்களின் நிலை இன்னொரு விதம். சுற்றிவரத் தண்ணீர் நிற்கும், ஆனால் அதைத் தொட்டு உடம்பு கழுவ முடியாது.

அனர்த்த காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பது உதவி நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட அளவு. குடிப்பது, சமைப்பது, கழுவுவது எல்லாம் அதற்குள் அடங்கும். அதுவும் கிடைக்காத நாட்களுக்கென்றே உள்ள ஒரு பொருளைப் பற்றி இங்கே பார்ப்போம்.

உலர் துடைதுணி என்பது மெல்லிய துணி. அழுக்கு நீக்கும் பொருளும், சிலவற்றில் கிருமிகொல்லி மருந்தும் ஏற்றி உலரவைத்துப் பொதி செய்திருப்பார்கள். சிறிதளவு தண்ணீர் விட்டதும் மருந்து கரைந்து வேலை செய்யத் தொடங்கும். ஈரமாகவே பொதி செய்த துணிகளும் உண்டு. ஆனால் அவை பாரம் கூடியவை, பொதியைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும். உலர் துணி பையின் மூலையில் கிடந்தாலும் கெடாது. மூட்டையோடு ஓடியவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

எல்லாப் பொதியிலும் மருந்து இருப்பதில்லை. சிலவற்றில் இருப்பது வெறும் சவர்க்காரம் போன்ற பொருளே. ஆகையால் மேலட்டையை வாசியுங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுங்கள். பரவலாகப் பயன்படும் மருந்து குளோரெக்சிடின். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 1954 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கிருமியின் வெளிச்சுவரில் ஒட்டி அதை உடைப்பதே இதன் வேலை. துடைத்த பின்னும் தோலில் பல மணி நேரம் தங்கி நிற்கும். அதனால் துடைத்துவிட்டு மேலே தண்ணீர் ஊற்றக்கூடாது. சவர்க்காரமும் கூடாது. சவர்க்காரம் பட்டால் மருந்தின் வலு போய்விடும். "இரண்டும் சேர்ந்தால் இரட்டைச் சுத்தம்" என்று நினைப்பது இயல்பு. இங்கே அது தலைகீழ்.

தண்ணீர் விடயத்தில் எமது மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. சவர்க்காரம் நுரைக்காது, கேத்தல் அடியில் வெள்ளையாகப் படியும். இத்தகைய கடின நீரில் குளோரெக்சிடின் திரண்டு, பயன் குறைந்துவிடலாம். மழைநீர் நல்லது. அது இல்லாவிட்டால் கிணற்று நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படியும், மேலே தெளிந்ததை எடுக்கலாம். எந்தத் தண்ணீரானாலும் கொதிக்கவைப்பதே முறை. அழுக்குத் தண்ணீரில் நனைத்த துணியை மருந்துத் துணி என்று நம்பக்கூடாது.

இனி, இது உண்மையில் யாருக்கு உதவும்? அமெரிக்காவில் ஒன்பது ஆஸ்பத்திரிப் பிரிவுகளில் நடந்த ஆய்வொன்று 2013 இல் வெளியானது. குளோரெக்சிடின் துணியால் நாள்தோறும் துடைக்கப்பட்ட நோயாளரிடையே இரத்தத்தில் கிருமி தொற்றுவது 28 வீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள், பலருக்கு உடம்பில் குழாய் செருகப்பட்டிருந்தது. வயலுக்குப் போய்வரும் திடகாத்திரமான ஒருவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

எமக்கு நெருங்கிய கதை நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தினுடையது. அங்கே 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைக் கொண்டு செய்த ஆய்வு 2007 இல் வெளியானது. பிறந்தவுடன் ஒரு தடவை, 0.25 வீதக் குளோரெக்சிடினில் நனைத்த துணியால் துடைத்தார்கள். மொத்தத்தில் இறப்புக் குறையவில்லை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளிடையே மட்டும் இறப்பு 28 வீதம் குறைவாக இருந்தது. அவை பெரும்பாலும் வீட்டில் நடந்த பிரசவங்கள். இங்கு அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. ஆகவே மருத்துவமாது சொல்லாமல் கைக்குழந்தைக்கு இந்தத் துணியைப் பயன்படுத்த வேண்டாம்.

என் கணிப்பில், இத்துணிக்குரிய இடம் எழும்ப முடியாத முதியவர், சத்திரசிகிச்சைக்குப் போகவிருப்பவர், நெடுநாள் நோயாளி ஆகியோரின் பாயருகேதான். சவர்க்காரமும் ஒரு வாளித் தண்ணீரும் கிடைத்தால் மற்ற எல்லாருக்கும் அதுவே மேல். துணி கிடைக்காவிட்டாலும் மனம் சோர வேண்டாம். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கொதிநீரில் அவித்துக் காயவைத்து, ஒரு பேணிச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பிறகு வெறுந்தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றியெடுங்கள். அழுக்கும் கிருமியில் பெரும் பங்கும் போய்விடும்.

மருந்துத் துணியால் துடைக்கும்போது கழுத்திலிருந்து தொடங்கி, கை, நெஞ்சு, முதுகு, கால் என்று இறங்குங்கள். அரையும் பின்புறமும் கடைசியில், வேறு துணியால். ஒருவருக்குப் பயன்படுத்தியது மற்றவருக்கு வேண்டாம். முகத்துக்கு இந்தத் துணியே வேண்டாம், வெறும் ஈரத்துணி போதும். கண்ணில் குளோரெக்சிடின் பட்டால் பார்வையே பழுதாகலாம். தொப்புளுக்குக் கொடுத்த கடுமையான குளோரெக்சிடின் மருந்தைத் தவறுதலாகக் குழந்தைகளின் கண்ணில் விட்டுக் கெடுத்த சம்பவங்கள் ஆபிரிக்க நாடுகளில் பதிவாகியுள்ளன. காதுக்குள்ளும் விடக்கூடாது. சிலருக்கு ஒவ்வாமை வரும். தோல் தடித்தால் நிறுத்துங்கள். மூச்சு இழுத்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மண்வெட்டி பட்ட காயத்தை இத்துணியால் துடைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். காயத்துக்குள் போன மண் துடைத்தால் வராது. சுத்தமான தண்ணீரைத் தாராளமாக ஊற்றித்தான் கழுவ வேண்டும். மற்ற எதைக் குறைத்தாலும் அதற்கு ஒரு போத்தல் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள். ஏற்புவலிக் கிருமியின் வித்துக்களைக் குளோரெக்சிடின் கொல்லாது. ஏற்பு ஊசி போட்டே ஆகவேண்டும். முகாம்களில் பரவும் சொறிக்கும் இது மருந்தல்ல. சொறி தோலுக்குள் குடையும் சிறு பூச்சியால் வருவது, அதற்குரிய பூச்சுமருந்து வேறு. வீட்டில் ஒருவருக்கு வந்தாலும் எல்லாரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

பயன்படுத்திய துணியை மலசலகூடக் குழிக்குள் போடாதீர்கள். அது உக்காமல் கிடந்து குழியை அடைக்கும். குப்பைக் கிடங்கில் போட்டு மண்ணால் மூடுங்கள்.