ஹெட்டை மூடும் முன் ஒரு போன்

லேத் பட்டறையில் முகத்தை மட்டமாக்கும் ஃபேஸிங் முடிந்து சிலிண்டர் ஹெட் டூவீலரில் வந்து இறங்குகிறது. பார்க்கவே பளபளவென்று இருக்கிறது. அது உட்காரப் போகும் பிளாக் வண்டியை விட்டு நகரவே இல்லை. பழைய கேஸ்கெட்டின் கருந்தோல் அதன் மேல் அங்கங்கே ஒட்டிக் கிடக்கிறது. ஆக்ஸா பிளேடால் நாலு சுரண்டல், உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, பெட்ரோல் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. புது கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை இறக்கிப் போல்ட்டை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பல பட்டறைகளில் நடப்பது இவ்வளவுதான்.

மூன்றே மாதத்தில் மறுபடி கேஸ்கெட் போகும். "நீங்க ஹீட் பண்ணி ஓட்டிட்டீங்க" என்பார் மெக்கானிக். "வேலையே சரியில்லை" என்பார் வண்டிக்காரர். இரண்டில் எது உண்மை என்று சொல்லக்கூடிய சாட்சி ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் மூடிக் கிடக்கிறது. அதனால், வண்டி நின்ற பிறகு சண்டை போடுவதைவிட, ஹெட் திறந்திருக்கும்போதே கேட்பதுதான் பலன் தரும்.

பிளாக் முகத்தில் என்ன ஆபத்து?

எரியும் வாயு, எஞ்சின் ஆயில், குளிர்விக்கும் தண்ணீர் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது ஹெட் கேஸ்கெட். அது விட்டுப்போனால் ரேடியேட்டரில் குமிழி வரும், வெள்ளைப் புகை தள்ளும், தண்ணீர் காரணமில்லாமல் குறையும், ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும். புது கேஸ்கெட் போட்டும் இதெல்லாம் திரும்பி வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் ஒன்று பிளாக் முகம்.

பிளேடின் கீறல் வாயுவுக்கும் தண்ணீருக்கும் வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறது. உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் அழுத்திய இடம் குழியும். சுழலும் தேய்ப்பு டிஸ்க் இன்னும் மோசம். அதிலிருந்து உதிரும் கடினத் துகள் ஆயில் வழியில் இறங்கி பேரிங்கையே தின்றுவிடும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதைப் பற்றித் தன் சர்வீஸ் பட்டறைகளுக்கு எழுத்திலேயே எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது.

போல்ட் துளையைப் பலர் கவனிப்பதில்லை. அடி மூடிய துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது நசுங்காது. பிளாக்கையே விரிசல் விட வைக்கும். விரிசல் விடாவிட்டாலும் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் பொய்க் கணக்குக் காட்டும். ஹெட் இறுகியது போலத் தோன்றும், இறுகியிருக்காது.

கடலூர், கிள்ளை, முடசலோடை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. சுத்தம் செய்த வார்ப்பிரும்பு முகத்தை இரவு முழுக்கத் திறந்து போட்டால் காலையில் துரு பூத்திருக்கும். மெல்லிய ஆயில் பூசி மூடி வைத்து, ஹெட் ஏற்றும் முன் அந்த ஆயிலைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். ரேடியேட்டரில் உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய எஞ்சினில், தண்ணீர் வழிகளின் ஓரம் அரித்துக் குழி விழுந்திருக்கும். அந்தக் குழியை எந்தப் பசையும் நிரந்தரமாக அடைக்காது.

அளவு எப்படிப் பார்க்கிறார்கள்?

ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற நேர்விளிம்புச் சட்டத்தை பிளாக் முகத்தின் மேல் குத்துவாக்கில் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும். பல கார் எஞ்சின்களில் அனுமதிக்கும் கோணல் 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிப்பு. உங்கள் எஞ்சினுக்கு உரிய சரியான அளவு அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வெட் லைனர் (தண்ணீர் நேரடியாகத் தொடும் சிலிண்டர் உறை) உள்ள டிராக்டர், லாரி எஞ்சின்களில், லைனர் பிளாக் முகத்துக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதையும் டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும்.

மூடும் முன் கேட்க வேண்டியவை

"அண்ணே, ஹெட் மூடறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க, நான் வந்து பாத்துக்கிறேன்." வேலையை ஒப்படைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். போனதும்:

1. சுத்தம் செய்த பிளாக் முகத்தையும் போல்ட் துளைகளையும் செல்போனில் படம் எடுங்கள்.
2. அளந்த கோணல் எவ்வளவு என்று கேட்டு, அதை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.
3. போல்ட் புதிதா பழையதா என்று கேளுங்கள். நீட்சி கொள்ளும் வகைப் போல்ட்டைப் பொதுவாக ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.
4. டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்லும் வரிசையில், படிப்படியாக முறுக்குகிறார்களா என்று பாருங்கள்.
5. கழற்றிய பழைய கேஸ்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கசிந்தது என்பதை அதன் தடமே காட்டும்.

சட்டம் என்ன தருகிறது?

பணம் கொடுத்துச் செய்யும் வண்டி ரிப்பேர், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஒரு சேவை. முறைப்படி செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது.

"நம்ம வண்டி தொழிலுக்குத்தானே, நாம எப்படி நுகர்வோர்?" என்று டிராக்டர்காரரும் லோடு வண்டிக்காரரும் ஒதுங்கிவிடுகிறார்கள். லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் மீது தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆட்டோவையோ லாரியையோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். ஆள் வைத்து லாப நோக்கில் பெரிதாக நடத்துபவருக்கு இந்தச் சலுகை இல்லை.

வண்டி மறுபடி நின்றால்

அவசரப்பட்டு வேறு பட்டறையில் ஹெட்டைத் திறந்துவிடாதீர்கள். திறந்த அந்த நிமிடமே சாட்சி கலைந்துவிடும். முதலில் வேலை செய்தவருக்குப் ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள், அவர் முன்னிலையிலோ தகுதியுள்ள ஒரு பொறியாளர் முன்னிலையிலோ திறந்து, அறிக்கை வாங்குங்கள். அவர் சரிசெய்து தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

வெள்ளத்தில் மாட்டிய வண்டிக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரப் பகுதிகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். மூழ்கிய வண்டியில் சாவியைத் திருகினால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்தப்போய்க் கனெக்டிங் ராடு வளையலாம். "நீங்களே ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்" என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் படம் எடுத்து, இழுவை வண்டியில் அனுப்புங்கள். எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

மெக்கானிக் பக்க நியாயம்

கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்து வைக்க, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு மெக்கானிக்குக்கு உரிமை தருகிறது. தகராறு இருந்தாலும், எதிர்ப்பைக் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுப்பதே பாதுகாப்பு. "பிளாக் ஃபேஸிங் வேணாம், செலவு அதிகம்" என்று நாமே சொல்லியிருந்தால் பழியை அவர் மேல் போட முடியாது. அதையும் அவர் பில்லில் எழுதி நம் கையெழுத்தை வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டால் கோபப்படுவாரோ என்று தயங்குகிறோம். வேலை தெரிந்த மெக்கானிக் கோபப்பட மாட்டார். ஃபீலர் கேஜை நம் கையில் கொடுத்து, "நீங்களே நுழைச்சுப் பாருங்க" என்பார்.