சக்கரக் குடத்தின் பூட்டு



பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் கரிசல் நிலம் மிகுதி என்பது நீங்கள் அறிந்ததே. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும் அம்மண், ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்துவிட்டால் பசையாகக் குழைந்து, சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. வாலிகண்டபுரத்தை ஒட்டித் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை செல்கிறது. அச்சாலையில் வழுவழுப்பாக ஓடிவந்த வண்டி, ஒரு வண்டிப்பாதையில் இறங்கியதும் சேற்றில் சிக்கித் தவிக்கக்கூடும். வெங்காய மூட்டைகளை ஏற்றிய உழவருக்கு அது ஒருநாள் நட்டம். பேறுகால வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணை ஏற்றிவரும் வண்டிக்கோ அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே இன்று நாம் ஆராயப்போகும் சிறு கருவி, உருவில் சிறியதேயன்றிப் பயனில் சிறியதன்று.

சாதாரணச் சுமைவண்டிகள் பலவற்றில் எஞ்சினின் ஆற்றல் பின் சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். முன் சக்கரங்கள் வெறுமனே உருளும். நாற்சக்கர இயக்கம் உடைய வண்டியில், டிரான்ஸ்பர் கேஸ் எனப்படும் பகிர்வுப் பெட்டி ஒன்று உண்டு. ஓட்டுநர் அதன் நெம்புகோலை நகர்த்தினால், ஆற்றலில் ஒரு பகுதி முன் அச்சுக்கும் செல்லும். பின் சக்கரங்கள் சேற்றில் வழுக்கினாலும் முன் சக்கரங்கள் இழுத்துக் கரையேற்றும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நல்ல சாலைக்கு வந்து நெம்புகோலைப் பழைய நிலைக்குத் தள்ளியதும், முன் அச்சுக்கு ஆற்றல் செல்வது நின்றுவிடும். ஆனால் அச்சு சுழல்வது நின்றுவிடுமா? நிற்காது. சாலையில் உருளும் முன் சக்கரங்களே இப்பொழுது அச்சுத்தண்டுகளையும், அவற்றோடு இணைந்த டிஃபரன்ஷியலையும், உந்து தண்டையும் சுழற்றிக்கொண்டிருக்கும். பயன் ஏதுமில்லை, எரிபொருள் சிறிது வீணாகும், உறுப்புகள் தேயும், இரைச்சலும் எழும்.

மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். அதனுள் இரும்பு அச்சு செல்கிறது. குடம் சுழலும், அச்சு சுழலாது. முன் சக்கரங்களும் நல்ல சாலையில் இப்படி உருண்டால் போதும் அல்லவா? ஆனால் சேற்றில் அச்சும் குடமும் ஒன்றாய்ப் பிணைந்து சுழலவேண்டும். வேண்டும்போது பிணைக்கவும் வேண்டாதபோது விடுவிக்கவும் உதவும் கருவியே குடப் பூட்டு. பட்டறைகளில் இதனை 'லாக்கிங் ஹப்' என்பர்.

இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புகளில் இக்கருவி இல்லை. போர் முடிந்தபின் அவ்வண்டிகள் குடிமக்கள் கைக்கு வந்து, பெரும்பாலும் நல்ல சாலைகளில் ஓடத் தொடங்கின. அப்பொழுதுதான் இதன் தேவை உணரப்பட்டது. அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948-இல் தொடங்கிய நிறுவனம், அந்த ஜீப்புகளுக்கெனவே குடப் பூட்டுகளைச் செய்து விற்றது. நம் நாட்டிலும் 1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களிலிருந்து பொருத்தித் தரத் தொடங்கினர் என்பது நினைவுகூரத்தக்கது.

இப்பூட்டு இருவகைப்படும். முதலாவது கையால் பூட்டுவது. ஓட்டுநர் இறங்கி, இரு முன் சக்கரங்களின் நடுவிலும் உள்ள திருகியைப் 'பூட்டு' என்னும் நிலைக்குத் திருப்பவேண்டும். உள்ளே பற்களுள்ள வளையம் ஒன்று நகர்ந்து அச்சையும் குடத்தையும் பிணைத்துவிடும். உறுப்புகள் சில, அமைப்பு எளிது, பிணைப்பு உறுதி. வண்டி முன்னே சென்றாலும் பின்னே வந்தாலும் அப்பிடி நழுவாது. குறை என்னவென்றால், மழையில் நனைந்து, சேற்றில் கால் வைத்து இறங்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பூட்டி மறுபக்கத்தை மறந்தால், டிஃபரன்ஷியலின் இயல்பால் ஆற்றல் முழுவதும் பூட்டாத பக்கத்து அச்சுத்தண்டை வீணே சுழற்றும். பூட்டிய சக்கரமும் இழுக்காது.

இரண்டாவது தானே பூட்டிக்கொள்வது. இதிலும் இரு பிரிவுகள் உள. ஒன்றில், நெம்புகோலை நகர்த்தி வண்டியைக் கிளப்பியதும், சுழலும் அச்சுத்தண்டே உள்ளிருக்கும் சரிவான உறுப்புகளைத் தள்ளிப் பூட்டும். விடுவிக்க, வண்டியை நிறுத்தி, இருசக்கர இயக்கத்திற்கு மாற்றி, சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டும்படி பல வண்டிகளில் அறிவுறுத்துவர். மற்றொன்றில், வெற்றிடத்தின் உறிஞ்சு விசை ரப்பர்க் குழாய் வழியாக வந்து பூட்டும். இங்கே இருக்கையை விட்டு எழவேண்டியதில்லை. பலர் மாறிமாறி ஓட்டும் வண்டிக்கு இது பெரும் வசதி. ஆயினும் முதற்பிரிவில் சில அமைப்புகள், வண்டி முன்னும் பின்னும் அசைந்து சேற்றிலிருந்து வெளிவர முயலும்போது ஒரு கணம் விடுபட்டு மீண்டும் பூட்டும். செங்குத்தான இறக்கத்திலும் அவ்வாறு நேரலாம். இரண்டாம் பிரிவில் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ பூட்டு விழாது. ஓட்டுநர் நாற்சக்கரமும் இயங்குகிறது என்று நம்பியிருப்பார். உண்மையில் இரண்டே இயங்கும்.

அப்படியானால் எதனைத் தேர்வது? வண்டியின் பிழைப்பு எங்கே என்று முதலில் கேளுங்கள். பெரும்பகுதி தார்ச்சாலையிலும், எப்பொழுதாவது ஈர மண்ணிலும் ஓடுவதாயின், தானே பூட்டிக்கொள்வது போதும். பச்சைமலை போன்ற மலைப்பாதைகளிலும், உதவிக்கு ஆள் கிட்டாத காட்டு வழிகளிலும், ஆழச் சேற்றிலும் நாள்தோறும் உழைப்பதாயின், கையால் பூட்டுவதே நம்பத்தக்கது. சிற்றூர்ப் பட்டறையில் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதற்கும் அதுவே எளிது.

இறங்கி நனையவேண்டுமே என்னும் குறைக்கும் பரிகாரம் உண்டு. சேற்றில் இறங்குமுன், கெட்டியான தரையிலேயே பூட்டிக்கொள்ளலாம். மழைக்காலம் முழுவதும் பூட்டியே வைத்திருந்தாலும் தீங்கில்லை. சிறிது எரிபொருளே கூடுதலாகும். ஆனால் இங்கு ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். குடத்தைப் பூட்டுவது வேறு. நெம்புகோலை நாற்சக்கர இயக்கத்தில் வைப்பது வேறு. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் செல்கின்றன. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமையால், இத்தகைய வண்டியை நாற்சக்கர இயக்கத்தில் ஓட்டினால் பற்சக்கரங்களும் தண்டுகளும் முறுக்கேறி முறியவும் கூடும்.

மற்றொன்று: கோடையெல்லாம் பூட்டாமலே ஓட்டினால் முன் அச்சின் உறுப்புகள் சுழலாமல், எண்ணெய் படாமல் கிடக்கும். ஆகவே மாதம் ஒருமுறை குடத்தைப் பூட்டி, நெம்புகோலை இருசக்கர நிலையிலேயே வைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டுதல் நன்று. பூட்டு பழுதின்றி வேலை செய்கிறதா என்பதையும் அப்பொழுதே அறிந்துகொள்ளலாம். நள்ளிரவில், கொட்டும் மழையில், நோயாளியை வண்டியில் வைத்துக்கொண்டு அதனைச் சோதிக்கும் நிலை எவருக்கும் வரலாகாது.